கருவறையில் யாரை வைத்திருக்கிறோம்?



நம் காஞ்சிபுரத்துக்காரர்கள் கயிலாசநாதர் கோயிலுக்குப் போவது குறைவு. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர் என்று சுற்றி முடிப்பதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிடுகிறது. மேற்கே ஒதுங்கி நிற்கும் அந்த மணற்கல் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள்தான் கேமராவோடு வருகிறார்கள். அடுத்த முறை போகிறபோது உள்சுற்றில் வரிசையாக இருக்கும் 58 சிறு சன்னதிகளின் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எழுத்தாகவே இருக்கும். ஏதோ மந்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஒரே மனிதனுடைய பட்டப்பெயர்கள் அவை.

கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனுடைய பட்டங்கள். ரணஜயன், போரில் வென்றவன். வீணாநாரதன், வீணையில் நாரதன். சிவசூடாமணி, சிவனையே முடிமணியாகக் கொண்டவன். அத்யந்தகாமன், ஆசைக்கு எல்லை இல்லாதவன்! இப்படிச் சுமார் 250 பட்டங்களைக் கிரந்தத்திலும் நாகரியிலும் திரும்பத் திரும்பச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிறார்கள் என்று நாம் கேலி பேசுகிறோமே, இவன் அதற்கு 1300 வருஷம் மூத்தவன்.

இந்த மன்னனுக்குத்தான் ஒரு கனவு வந்தது என்று பெரியபுராணக் கதையைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதைப் பாடிய சேக்கிழார் அரசனைக் காடவர்கோன், அதாவது பல்லவ மன்னன், என்கிறார். கச்சியில், அதாவது காஞ்சியில், கற்றளி எடுத்தவன் என்கிறார். குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. முதல்நாள் இரவு சிவபெருமான் கனவில் வந்து, "நாளைக்கு நான் வர முடியாதப்பா. நின்றவூரில் பூசலார் எனக்காகக் கட்டிய கோயிலில் நாளைக்குக் குடமுழுக்கு. உன்னுடையதை வேறு நாளில் வைத்துக்கொள்" என்கிறார்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி மாப்பிள்ளை வீட்டார் இப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரசன் குறித்த நாளை மாற்றினான். அது மட்டுமல்ல, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தாண்டி நின்றவூருக்கே புறப்பட்டுப் போனான். போய், "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டால், அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்கிறார்கள். திரும்பி வர நல்ல சாக்கு கிடைத்துவிட்டது பாருங்கள். அவன் திரும்பவில்லை. பூசலாரைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டான். அவரோ திகைத்துப் போனார். கையில் காசு இல்லை, கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை, அதனால் மனசுக்குள்ளேயே கட்டினேன் என்றார். அரசன் அவர் காலில் விழுந்தான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பணக்காரன் கோயில், ஏழை கோயில் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மனசுக்குள்ளே கட்டுகிற வேலையை நாம் எல்லோருமே செய்கிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், கட்டடம் எழும்பிவிடும். ஒரு மேடை, ஒரு மாலை. நம்மை மதிக்காத சொந்தக்காரர்கள் முதல் வரிசையில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். பூசலாரும் அப்படித்தான் கட்டினார். மனசிலேயே பொருள் சேர்த்து, தச்சரைக் கூப்பிட்டு, சிகரம் வைத்து, கிணறு தோண்டி, குளம் வெட்டி, ஒன்றையும் விடாமல் கட்டினார். கட்டி முடித்துக் கருவறையில் சிவனை வைத்தார். நம் கருவறையில் நாமே உட்கார்ந்திருக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். அர்ச்சகரும் நாமே.

தண்ணீரில் தெரிந்த தன் முகத்தில் மயங்கி அங்கேயே உயிரை விட்ட நார்சிஸஸ் என்ற இளைஞனைப் பற்றிக் கிரேக்கர்களுக்கு ஒரு கதை உண்டு. அவன் பெயரை வைத்துத்தான் மனநல மருத்துவர்கள் தன்மேலேயே கொள்ளும் மயக்கத்தை நார்சிசம் என்கிறார்கள். அது முற்றி நோயாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் இப்போது அந்தச் சொல் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. மாமியார் நார்சிசிஸ்ட், மேனேஜர் நார்சிசிஸ்ட், முன்னாள் காதலன் நார்சிசிஸ்ட். தன்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

ஏன் சொல்லிக்கொள்வதில்லை? இதை ஆணவம் என்று சொல்லும் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டிலேயே திருவருட்பயன் என்ற நூலில் காரணம் சொல்லியிருக்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், இருட்டாக இருக்கிறது என்பதாவது தெரிகிறது. ஆணவம் அதைக்கூடக் காட்டாதாம். எனவே நேரே உள்ளே தேடினால் அகப்படாது. அது வெளியே வரும் இடங்களில்தான் பிடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டம்மா தன் மகனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பிக்கிறார். எத்தனையாவது வாக்கியத்தில் நாம், "எனக்கும் அப்படித்தான்" என்று பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறோம்? கூடப் படித்தவனைச் சபையில் புகழும்போது கை தட்டுகிறதே, அப்போது வயிற்றில் என்ன நடக்கிறது? இன்னும் ஒன்று, எங்களைப் போலப் பிரசங்கம் செய்கிறவர்களுக்குத் தொழில் வியாதி. "அடியேனுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, "ஐயய்யோ, உங்களுக்கா தெரியாது!" என்று யாராவது சொல்லும்வரை ஒரு கணம் நிறுத்துவோம். யாரும் சொல்லாவிட்டால் கோபம் வரும்.

பணிவையே ஆணவம் நகையாகப் போட்டுக்கொள்ளும். ராஜசிம்மனுக்கும் அதுதான் நடந்ததோ என்னவோ. கயிலாசநாதர் கோயிலின் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று, கிருத யுகத்தில் துஷ்யந்தன் முதலானோர் அசரீரி கேட்டார்கள் என்றால் வியப்பில்லை, இந்தக் கலியிலும் இவன் கேட்டானே என்று வியக்கிறது. பூசலார் கதையின் கனவுதான் இது என்று ஆய்வாளர்கள் சிலர் இணைத்துப் பார்க்கிறார்கள். அது சரியானால் எப்படி இருக்கிறது பாருங்கள்! "உன் நாள் இல்லை" என்று கடவுள் சொன்னதே பெருமைப் பட்டியலில் ஏறிவிட்டது. பின்னால் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, இந்தக் கோயில் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தான். பெரிய மனசு. அதையும் கோயில் தூணில் கன்னடத்தில் வெட்டி வைத்துவிட்டுத்தான் போனான்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் வெட்டியவன்தான் நின்றவூருக்கும் போனான். ஆணவம் முழுக்க அற்றுப்போன பிறகுதான் நல்லது செய்வேன் என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது. அது இருக்கும்போதே காலை நகர்த்த வேண்டும்.

இங்கே ஒரு நெசவாளர் எழுந்து கேட்கலாம். "சாமி, நாங்கள் நெய்த சேலையில் எங்கள் பெயர் இல்லை, கடை பெயர்தான் இருக்கிறது. எங்களுக்கும் பணிவைச் சொல்லித் தருகிறீர்களா?" நியாயமான கேள்வி. உழைப்புக்குரிய பெயரையும் கூலியையும் கேட்பது ஆணவம் ஆகாது. பிறருக்குச் சேர வேண்டிய பெயரையும் சேர்த்து விழுங்குவதுதான் ஆணவம். பணிவை எப்போதும் கீழே இருப்பவனுக்கே உபதேசம் செய்கிற வழக்கம் நம்மிடம் உண்டு, அதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் அந்த நெசவாளரின் தறியையே கொஞ்சம் பார்ப்போம். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவியோ பிள்ளையோ கரை நாடாவோடு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கை நின்றால் தறியே நின்றுவிடும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. "யார் நெய்தது?" என்று கேட்டால் ஒரே பெயர்தான் சொல்லப்படும்.

தறி இல்லாத வீட்டிலும் கரையைப் பிடிப்பவர் ஒருவர் உண்டு. அடுத்த முறை உங்களை யாராவது பாராட்டினால், அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் பெயரைச் சொல்லுங்கள். நாக்கு தயங்கும். "இது சமயமில்லை", "அவருக்கே பிடிக்காது" என்று உள்ளிருந்து சாக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது என்று உமாபதி சிவம் சொன்ன ஆணவம் அந்தச் சாக்கில் கொஞ்சம் தலையைக் காட்டும், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுப் பெயரைச் சொல்லிவிடுங்கள். நெசவாளர் வீடாக இருந்தால், சேலையைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோகிற நாளில் கரை பிடித்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூலியை அவர் கையில் வாங்கச் சொல்லுங்கள்.