எலும்பும் தோலும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய நாளில் பழைய கிதார் ஒன்று வாங்கினேன். "தம்பி நல்லா வாசிக்கிறாப்ல" என்றார் வீட்டுக்காரர். பூந்தமல்லிக்கு மேற்கே எங்க ஊரிலிருந்து அப்பா வந்தார், பறையோடு. "அடிக்கிறத விட்டுட்டேன். எரிக்க மனசு வரல." சுவரில் மாட்டினோம். மறுநாளே, "இதெல்லாம் வீட்டுல வேணாம்ப்பா" என்றார் அதே வீட்டுக்காரர்.

தோல் தீட்டா? நல்ல கிதாரில் தந்தி ஏறி நிற்கிற நட்டும் சேடிலும் மாட்டெலும்பு. பழைய முறையில் பலகையை ஒட்டிய பசை, தோலைக் காய்ச்சி எடுத்தது. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான், அது சபாவில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, தீட்டு தோலில் இல்லை. அடிக்கிறவன் யார் என்று பார்த்துத்தான் ஒட்டுகிறார்கள்.

சரி, அப்பா ஏன் விட்டார்? பறையை நம் கலை என்று நாம் மேடையில் கொண்டாடுகிறோமே. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது பறையும் கிதாரும், கானாவும் ராக்கும் சேர்ந்தே ஒலித்தன. ராக்கின் வேரும் அமெரிக்கக் கருப்பர்களின் புளூஸில்தானே இருக்கிறது. எனக்கும் ஆசை வந்தது. "கத்துக்குடுப்பா" என்றேன்.

"உனக்கு வேணாம்னா கிதார மூலையில வெச்சிடலாம்டா. சாவு வீட்டுல கூப்ட்டா நாங்க அப்படி வெக்க முடிஞ்சுதா?"

பதில் இல்லை என்னிடம். முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் அடித்ததைக் கலை என்று நான் எப்படிச் சொல்வது? வேறு யாரிடமாவது கற்றுக்கொள்வேன். அவரை மட்டும் வற்புறுத்த மாட்டேன். "மாட்டேன்" என்கிற சொல்லே அவருக்கு அறுபது வயதில்தான் கிடைத்தது.