தையல்காரப் பெண் அறிந்திருந்தது

1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாலின் கிராஸ் என்ற தையல்காரப் பெண், ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் தன் சாவைப் பற்றிப் பேசினார். வீட்டில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்திருந்தார்கள்; தனக்கும் அதுதான் என்றார். வார்தின் அந்தக் குடும்பத்தின் கிளைகளைத் தேடித் தொகுத்து 1913இல் வெளியிட்டார். பாலின் சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். இன்று அந்த மரபுக் கோளாறுக்கு, பின்னாளில் அதை ஆராய்ந்த ஹென்றி லிஞ்சின் பெயர். முதலில் சொன்னவளின் பெயர் அதில் இல்லை.

செல் பெருகும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் உண்டு. எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கில் ஒன்று பழுதாகப் பிறந்தால் அது லிஞ்ச் கோளாறு. மெய்ப்புப் பார்ப்பவர் இல்லாத அச்சகம் போல. சில வகைகளில் பாதிப் பெண்கள் வரை கருப்பை உட்சுவர்ப் புற்றுக்கு ஆளாகலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றில் இது தெரிந்துவிடும். தெரிந்தால் முப்பது வயதையொட்டிக் கண்காணிப்பைத் தொடங்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் கருப்பையை எடுத்துவிடுவதா என்று யோசிக்கலாம்.

ஆனால் யாருக்குச் சோதனை வேண்டும் என்பதைக் குடும்பக் கதைதான் சொல்லும். அந்தக் கதையை நம் வீடுகள் சொல்வதில்லை. ஆம்பூரில், பேரணாம்பட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களிடமும் திண்ணையில் அப்பர் தைக்கிற பெண்களிடமும் பாட்டி எதனால் இறந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். "வயித்துல ஏதோ கட்டி" என்பார்கள். கருப்பை என்ற சொல்லே வராது. தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருக்கும்.

வெட்கம் கொல்லும் என்பது வேலூருக்குப் புதிதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த மனைவியை ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது அந்த இரவுதான். அவர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று அதே சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டாத ரகசியத்தை அந்தத் துறை எப்படிப் படிக்கும்?

சோதனையில் பழுது தெரிந்த பெண் அதைத் தன் அக்கா தங்கைகளிடம் சொல்லியாக வேண்டுமா? சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அவள் மறைப்பது அவர்களுடைய உயிரையும் சேர்த்துத்தான். ஆனால் மறைக்கிறவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. சொன்னால் சம்பந்தம் முறியும், புகுந்த வீட்டில் பேச்சு விழும் என்றால், உண்மைக்கான விலையை அவள் ஒருத்தியிடம் வசூலிக்கிறோம்.

இதில் ஒரு கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். இந்தப் பழுது அப்பா வழியிலும் அதே அளவில் வரும். கருப்பை இல்லாத ஆண் அதைச் சுமந்து மகளுக்குக் கொடுக்கலாம். அவனுக்கே குடலில் புற்று வரலாம். நோய் வெளிப்படும் உறுப்பு பெண்ணுடையது என்பதால் "அவ வம்சம் அப்படி" என்ற பழியும் பெண்ணுக்குப் போகிறது.

மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யார், எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்து இறந்தார்கள் என்று எழுதி வையுங்கள். அத்தைகளிடம் கேளுங்கள், சித்தப்பாக்களிடமும் கேளுங்கள். தீட்டு நின்ற பின் அம்மாவுக்கு ஒரு துளி இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு எந்த மரபணுச் சோதனையும் தேவையில்லை.