வீடு விடுதலும் பற்று விடுதலும்

வீட்டை விட்டவர் பற்றை விட்டவர் ஆவாரா? முதுமையில் ஒருவர் தமக்கென ஓரிடம் வைத்துக்கொள்ளாது ஊர் ஊராகச் சென்றுகொண்டிருப்பது விடுதலையா, அன்றிக் கடமையினின்று நழுவுதலா? இவ்வினாவைச் சொல்லளவில் ஆராய்வதைவிட, இன்று அவ்வாறு வாழும் மக்களைக் கண்முன் வைத்து ஆராய்தலே பயன் தரும் என்று கருதுகிறோம்.

அமெரிக்க நாட்டில், உழைத்து ஓய்வு பெற்றோரில் ஒரு சாரார் வீடு வாசலை விற்றுவிட்டு, சக்கரங்களின் மேல் அமைந்த வீட்டிலேயே குடியிருந்து ஆண்டு முழுவதும் பயணம் செய்கின்றனர். நம் நாட்டார் கேரவன் என்று வழங்கும் அவ்வண்டியில் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை ஆகிய யாவும் உண்டு. மிகப் பெரியவை 45 அடி நீளம் வரை இருக்கும். அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரிலுள்ள வின்னபேகோ நிறுவனம் 1966-ஆம் ஆண்டு முதல் இத்தகைய மோட்டார் வீடுகளைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கிய பின்னர், நடுத்தர மக்களுக்கும் இவ்வாழ்வு எட்டுவதாயிற்று. 1935-இல் இயற்றப்பட்ட சமூகக் காப்புச் சட்டத்தின்படி கிடைக்கும் ஓய்வூதியத்தை இன்று 62 வயது முதல் பெறலாம். ஊர் மாறினும் அப்பணம் வந்து சேரும். கோடையில் வடக்கே செல்வோர், குளிர்காலத்தில் வெயில் தேடித் தெற்கே இறங்குவர். அரிசோனாவின் குவார்ட்சைட் என்னும் ஊரைச் சூழ்ந்த பாலைநிலம் குளிர்காலந்தோறும் வண்டிகளால் நிறைந்துவிடும்.

இவர்கள்மீது குற்றம் உண்டோ? முப்பது நாற்பது ஆண்டுகள் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு உழைத்தவர், எஞ்சிய நாட்களில் மலையையும் கடலையும் காண விழைவதில் குற்றம் யாதும் இல்லை. அன்றியும், இவ்வாழ்வு ஒரு நல்ல பள்ளிக்கூடமும் ஆகும். வண்டியின் தொட்டியில் உள்ள நீர் இவ்வளவுதான் என்று தெரிந்தவர் ஒவ்வொரு குவளையையும் எண்ணிச் செலவிடுவர். அறை அறையாகச் சேர்த்த பொருள்களைக் கொடுத்தும் விற்றும் கழித்த பின்னரே ஏறிக் குடிபுக இயலும். வீட்டில் இருந்த நாளில் கண்காணாது மறைந்துபோன கழிவு, இங்கே வண்டியின் அடியிலுள்ள தொட்டியில் வந்து நிற்கும். உரிய இடத்திற்கு ஓட்டிச் சென்று, தம் கையாலேயே குழாயைப் பொருத்தி அதனை வெளியேற்றல் வேண்டும். பிறந்த குலத்தைக் காரணங்காட்டி ஒருவர் அழுக்கை இன்னொருவர் தலையில் ஏற்றிய கொடுமையை அறிந்த நாம், தம் கழிவைத் தாமே அகற்றும் இப்பழக்கத்தின் பெருமையை எளிதில் உணர்வோம்.

ஆயினும் சுவரை விடுதல் அவாவை விடுதல் அன்று. இவ்வூர் சலித்தது, அடுத்த ஊர் இன்பம் தரும். இவ்வண்டி சிறிது, அடுத்த வண்டி போதும் என்று மனம் ஓடுமாயின், வீட்டிலிருந்த அவாவே சக்கரம் பூட்டிக்கொண்டு புறப்பட்டது என்று சொல்லலாமேயன்றி வேறென் சொல்வது? அவ்வாறே, ஒரே திண்ணையில் அறுபது ஆண்டு அமர்ந்திருந்தும் பற்றின்றி வாழ்ந்தவர் உண்டு. ஆதலின் வழியும் வீடும் நம் வினாவிற்கு விடையாகா. அவ்விடையை நாம் வேறிடத்தில் தேடல் வேண்டும்.

எங்கும் நில்லாது செல்பவரும் தனித்து வாழ்தல் இயலுமோ? கடிதம் வந்து சேர ஒரு முகவரி வேண்டும். ஓட்டுநர் உரிமத்திற்கும் வாக்குரிமைக்கும் ஓர் ஊர் வேண்டும். 1978-இல் தொடங்கப்பெற்ற எஸ்கேப்பீஸ் என்னும் பயணியர் சங்கம், டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரில் தன் உறுப்பினரின் கடிதங்களைப் பெற்று, அவரவர் இருக்கும் இடத்திற்கு அனுப்பி வைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. பின்னர், நோயாலும் தள்ளாமையாலும் வண்டி ஓட்ட இயலாதவர் தம் வண்டியிலேயே தங்கிக்கொண்டு உணவும் துணையும் பெறுதற்கு ஒரு நிலையமும் அங்கே ஏற்படுத்தப்பட்டது. நில்லாது ஓடுவோரும் இறுதியில் நிற்பதற்கு ஓரிடம் அமைக்க வேண்டியதாயிற்று.

வீடு துறந்த பிக்குகளின் சங்கமும் இவ்வுண்மையைக் கண்டதே. வயிற்றுப்போக்கால் நலிந்து, கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பிக்குவைப் பகவன் புத்தர் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே கழுவித் தூய்மை செய்தார். தாய் தந்தையரை விட்டு வந்தோர்க்கு ஒருவரையொருவர் பேணுதலே கடன் என்று உணர்த்தினார். மழைக்காலத்தில் பிக்குகள் இளம்பயிரையும் சிற்றுயிரையும் மிதித்துச் செல்கின்றனர் என மக்கள் குறைகூறியபோது, மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கும் விதி பிறந்தது. அமெரிக்காவின் பொது நிலங்களிலும் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கலாகாது என்று விதித்திருக்கின்றனர். நிலம் பாழாகாமை கருதியே அவ்விதி. ஒன்று தங்கச் சொல்கிறது; மற்றொன்று பெயரச் சொல்கிறது. செல்பவன் சுதந்தரம் பிற உயிர்க்கும் மண்ணுக்கும் ஊறு செய்யலாகாது என்பதே இரண்டின் கருத்துமாம்.

இனி, யாவற்றினும் கடினமான பகுதிக்கு வருகிறோம். அதே பாலைநிலத்தில், விரும்பி வந்தவரின் வண்டிக்கு அருகே விரும்பாது வந்தவரின் வண்டியும் நிற்கிறது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் பழைய வேன்களில் குடிபுகுந்தனர். அவர்கள் பண்டகசாலைகளிலும், முகாம்களிலும், சர்க்கரைக் கிழங்கு அறுவடையிலும் பருவந்தோறும் கூலிவேலை செய்து வாழ்ந்ததை ஜெசிகா புரூடர் என்னும் எழுத்தாளர் 2017-இல் நூலாக எழுதினார். அது 2020-இல் திரைப்படமும் ஆயிற்று. ஓய்வூதியம் உண்டு, எனினும் வீட்டு வாடகைக்கு அது போதவில்லை. பொது இடங்களில் தங்கி உறங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்பு விலக்கிய கொடுந்தண்டனை ஆகா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தீர்ப்பளித்தது.

ஒருவர் சக்கரத்தின்மேல் உறங்கினால் உல்லாசப் பயணி. இன்னொருவர் உறங்கினால் குற்றவாளி. இருவரையும் பிரிப்பது ஒழுக்கமா, பணமா? வீடு ஒரு விலங்கு என்று செல்வமுடையவர் சொல்லும்போது, அவ்விலங்கேனும் கிடைக்காதா என்று ஏங்குபவர் அடுத்த வண்டியில் இருக்கிறார். துறத்தற்கு முன் உடைமை வேண்டும். அரண்மனையை உடையவரே அரண்மனையைத் துறந்தார். இல்லாதவனை நோக்கி, இல்லாமையே உயர்வு என்று போதிப்பது தன்மம் ஆகாது. அவனுக்கு முதலில் கூரையும், அதன்கீழ் அச்சமின்றி உறங்கும் உரிமையும் வேண்டும். அதன்பின் அதனை விடுவதும் வைத்துக்கொள்வதும் அவன் விருப்பம்.

ஆகவே வீட்டை விட்டவரையெல்லாம் துறவி என்று போற்றவும் வேண்டா; கடமை தவறியவர் என்று தூற்றவும் வேண்டா. தாம் செல்லும் நிலத்தைக் கெடுக்காதவராய், நோயுற்ற துணைவரைக் கைவிடாதவராய், வேறு வழியின்றி வண்டியில் உறங்குபவரைத் துரத்தும் சட்டத்திற்குத் துணை நில்லாதவராய் ஒருவர் பயணம் செய்வாராயின், அவர் பற்றில் ஒரு பகுதியையேனும் விட்டவரே. இவற்றுள் ஒன்றும் இல்லையாயின், ஆயிரம் ஊர் கடந்தும் அவர் தம் வீட்டு வாயிலையே கடந்தவர் அல்லர். அன்பர்களே, ஊரில் இருப்போராகிய நமக்கும் அளவுகோல் இதுவே. நம் தெருவோரம் இரவில் ஒதுங்கி நிற்கும் அயலாரை நாம் எவ்வாறு நோக்குகிறோம் என்பதை நம் நெஞ்சையே கேட்டுத் தெளிவோமாக.