கணக்குப்பிள்ளை

திருத்தங்கல் பக்கம் கரிசல் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் நடக்கும். பத்து ஓவர். எனக்கு ஆட வராது, கையெழுத்து நல்லா இருக்கும். அதனால் ஸ்கோர் நோட்டு என்னிடம். டீமில் என் பேரே கணக்குப்பிள்ளைதான்.

ஒரு வருஷம் சும்மா இருக்காமல், எல்லாப் பவுலர்களும் கொடுத்த ரன்னை ஓவரால் வகுத்து ஒரு பட்டியல் போட்டேன். கடைசியில் வந்தவர் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அண்ணன். ஓவருக்கு 11. கேப்டன் பட்டியலைப் பார்த்தான், அடுத்த டோர்னமென்டில் அவரைச் சேர்க்கவில்லை. அண்ணன் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்: "தம்பி, நான் எந்த ஓவர் போட்டேன்னு அதுல இருக்கா?"

நோட்டில் இருந்தது. பட்டியலில் இல்லை. எட்டாவதும் பத்தாவதும்தான் எப்போதும் அவருக்கு. வேறு யாரும் கை நீட்ட மாட்டார்கள். "உங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குறாங்கல்ல? ஈரக் குச்சி வந்த அன்னைக்கும் எத்தனை கட்டைன்னு மட்டும்தான எழுதுவாங்க?" என்றார்.

எகானமி என்பது ஓவருக்கு எத்தனை ரன். ஸ்ட்ரைக் ரேட், ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து. சராசரி, ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன். முதல் இரண்டையும் பெருக்கி ஆறால் வகுத்தால் மூன்றாவது வந்துவிடும். மூன்றுமே பொய் சொல்வதில்லை. ஆனால் எந்தப் பந்து எப்போது வீசப்பட்டது என்பது மூன்றிலுமே கிடையாது.

2013 ஜூன் 23, பர்மிங்காமில் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி. மழையால் 20 ஓவராகச் சுருங்கிய ஆட்டம். இந்தியா 129. நம்ம அஸ்வின் 4 ஓவரில் 15 ரன், 2 விக்கெட். இஷாந்த் சர்மாவும் 4 ஓவர், 2 விக்கெட், ஆனால் 36 ரன். ஸ்ட்ரைக் ரேட் இருவருக்கும் 12. சராசரி ஒருவருக்கு 7.5, மற்றவருக்கு 18. பட்டியலில் இஷாந்த் ரொம்பக் கீழே. ஆனால் நடந்தது என்ன? 46க்கு 4 என்று கிடந்த இங்கிலாந்தை மோர்கனும் போபாராவும் 64 ரன் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். மூணு ஓவரில் 28 போதும். தோனி பந்தை இஷாந்திடம் கொடுத்தார். ஒரு சிக்ஸர், இரண்டு வைடு. வீட்டில் எல்லோரும் திட்டினோம். அடுத்தடுத்த பந்துகளில் இருவரும் அவுட். இரண்டு கேட்சும் அஸ்வின் கையில். ஐந்து ரன்னில் ஜெயித்தோம்.

அப்படியானால் எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? என்னால் முடியாது. அம்மா தன் கட்டைக் கணக்கை வீட்டுச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பாள், சனிக்கிழமை சம்பளத்தில் ஏமாந்துவிடக் கூடாதே என்று. அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கோடுகள்தான். கணக்கே இல்லாத டீமில் கேப்டனின் மச்சான்தான் பந்து வீசுவான், அதையும் பார்த்திருக்கிறேன். எண் இல்லாத இடத்தில் ஏழைசொல் அம்பலம் ஏறாது.

நான் செய்த தப்பு எண்ணியது அல்ல. ஆறு பேரும் ஒரே வேலையைச் செய்ததுபோல ஒரே வரிசையில் நிறுத்தியதுதான். புது உருண்டைப் பந்தில் முதல் ஓவர் போட்டவனையும், கண்ணை மூடிச் சுற்றுகிறவனுக்குப் பத்தாவது ஓவர் போட்டவரையும் ஒரே தராசில் வைத்தேன். கடினமான வேலையை ஏற்றுக்கொண்டதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வகுத்தல் சரி. அதனால்தான் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. பொய்க் கணக்கு எழுதியிருந்தால் எவனாவது கண்டுபிடித்திருப்பான்.

கொரோனா நாட்களில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். எட்டாவது ஓவருக்குப் பிறகு வீசியவர்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டேன். அவர் 11, மற்றவர்கள் 14. சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"அந்த ரன் அவுட்டு ரெண்டையும் எம்பேர்ல எழுதலயா?"

"அது பவுலர் கணக்குல வராதுண்ணே."

"என் பந்துலதானடா ஓடுனாங்ய?" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.