தேரும் பெட்டியும்

மிலிந்தன் என்னும் யவன அரசனிடம் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என்று ஒவ்வொன்றாக வினவி, அவை எவையும் தேரல்ல, அவற்றை விட்டுத் தனியே தேரென்று ஒரு பொருளும் இல்லை, உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் வழங்கும் நாமமே தேர் என்று நிறுவிய வரலாற்றை ‘மிலிந்த பஞ்ஹா’ என்னும் பாலி நூல் கூறுகிறது. மேசைக் கணிப்பொறி வாங்கப் புகுவோர் இந்நூலைக் கற்றிருக்க வேண்டுவதில்லை. ஆயினும், நாளடைவில் எந்தப் பெட்டி மலிவாக முடியும் என்று அவர்கள் போடும் கணக்கு, நாகசேனரின் வினாவுக்கு ஏதோ ஒரு விடையை அறியாமலே ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்குகிறது. முதலில் ப்ராசஸரையும், பின்னர் மதர்போர்டையும், அதன்பின் ரேமையும் மாற்றியபோது மேசைமேல் எஞ்சியிருப்பது பழைய கணிப்பொறியா, புதியதா என்று தீர்மானித்தாலன்றி, எதன் விலையை எதன் விலையோடு ஒப்பிடுவது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்வினாவுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கணிப்பொறியுடன் சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அந்த ஒரு கணிப்பொறிக்கே உரியது. ரேமையோ வன்தட்டையோ மாற்றினால் அதற்கு ஊறில்லை. வேகத்தை விரும்பி மதர்போர்டை மாற்றினால் பழைய கணிப்பொறி மறைந்து புதியது பிறந்துவிட்டதாகக் கொண்டு புது உரிமம் கேட்பார்கள். பழுதானதற்காக மாற்றினாலோ பழையதே தொடர்கிறதாம். ஆன்மாவை மதர்போர்டில் வைத்ததோடு நில்லாமல், மாற்றுபவனுடைய நோக்கத்தைப் பொறுத்து அது அழிவதும் நிலைப்பதும் உண்டென்று சொல்லும் சித்தாந்தத்தை வேறெந்தத் தரிசனத்திலும் நான் கண்டதில்லை.

ஆப்பிள் நிறுவனம் 2019-இல் 5,999 டாலருக்கு விற்கத் தொடங்கிய மேக் ப்ரோவில் ரேம் செருகுவதற்கு 12 இடங்கள் இருந்தன, 1.5 டெராபைட் வரை கூட்டிக்கொள்ளலாம். 2023-இல் ஏறக்குறைய அதே உருவத்தோடு 6,999 டாலருக்கு வந்த பெட்டியிலோ ரேம் சிப்போடு பிணைக்கப்பட்டு, 192 கிகாபைட்டே எல்லையாயிற்று. வாங்கிய பின் ரேமைக் கூட்ட இயலாது. 2024-இல் வந்த மேக் மினியின் தொடக்க விலை 599 டாலர்தான். ஆனால் அதன் 16 கிகாபைட் ரேமை 32 ஆக்கிக்கொள்ள, வாங்கும்போதே 400 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மூடிய பெட்டியை வாங்குகிறவன் இன்னும் பிறவாத ஆசைகளுக்கும் இன்றே விலை செலுத்துகிறான்.

இனி, திறந்த பெட்டி திருஷ்ணை என்னும் வேட்கையிலிருந்து விடுதலை தருகிறதோவெனில், அதுவும் இல்லை. 2017-இல் ஏஎம்4 என்னும் சாக்கெட்டை (ப்ராசஸர் பொருந்தும் இடம்) உடைய மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், பயோஸைப் புதுப்பித்து, 2022-இல் வந்த ப்ராசஸரை அதிலேயே பொருத்திக்கொண்டார்கள் என்பது மெய்யே. ஆனால் இன்டெல் 2020-இல் எல்ஜிஏ 1200 என்னும் சாக்கெட்டைக் கொணர்ந்து, மறு ஆண்டே எல்ஜிஏ 1700-க்கு மாறியபோது, மேம்படுத்தலாம் என்று நம்பி வாங்கியவருக்குப் புது மதர்போர்டைத் தவிர வேறு கதியில்லாமற் போயிற்று. அன்றியும், எந்நேரமும் கழற்றக்கூடிய பெட்டி எந்நேரமும் குறையுடையதாகவே கண்ணுக்குத் தோன்றும். தேவை எழாத காலத்திலும் புதிய கிராஃபிக்ஸ் கார்டின் விலையை விசாரிக்கத் தூண்டும். இச்செலவை விலைப்பட்டியல் எதிலும் ஒருவரும் சேர்ப்பதில்லை.

கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டுமே கணிப்பொறி வேண்டுவோருக்கு மூடிய சிறு பெட்டியே மலிவு. தம் வேலை நாளை எப்படி விரியும் என்று அறியாதவர்கள், நான்கு ரேம் இடங்களுள்ள மதர்போர்டை வாங்கி, இரண்டை நிரப்பி, இரண்டைக் காலியாக விட்டு வைப்பார்களாக.