கவசத்தை அளந்து பார்!

முதலில் ஒரு கணக்கு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பெரிதும் நம்பியிருந்த நடுத்தர டாங்க், 97-ஆம் வகை சி-ஹா. அதன் முன்பக்கக் கவசம் 25 மில்லிமீட்டர். அதை 35-ஆல் வகுத்தால் 0.7 வரும். இப்போது 1/35 அளவுள்ள சி-ஹா பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, மேல்கூட்டின் விளிம்பில் வெர்னியரை வைத்துப் பார். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. அளவுக்கு அளவு பார்த்தால், உன் மேசைமேல் இருக்கும் மாடலின் சுவர், மனிதர்களை ஏற்றிக்கொண்டு போருக்குப் போன டாங்கின் சுவரைவிடத் தடிமன்!

சிரிக்காதே. அந்த 25 மில்லிமீட்டருக்குப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

‘தினமும் கண்ணாடி முன் நின்று, என்னால் முடியும் என்று நூறு தடவை சொல்’ என்று உனக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஜப்பானியத் தளபதிகளும் அதையே தங்கள் படைக்குச் சொன்னார்கள். மன உறுதி இரும்பை வெல்லும் என்றார்கள். சொன்னவர்கள் வரைபடத்துக்கு முன் நின்றார்கள்; கேட்டவர்கள் மெல்லிய தகட்டுக்குள் உட்கார்ந்தார்கள். அளந்து பார்க்காத நம்பிக்கை அடுத்தவனைத்தான் முதலில் கொல்லும். உனக்கு வேண்டியது அளந்து பார்த்த நம்பிக்கை. அதைக் கையால்தான் கட்ட முடியும். அதனால்தான் சொல்கிறேன்: ஒரு சி-ஹாவைக் கட்டு!

ஏன் இந்த டாங்க்? கடைக்குப் போனால் எல்லோரும் ஜெர்மானிய டைகரைத்தான் தேடுவார்கள். பெரிது, முரடு, அலமாரியில் வைத்தால் வருகிறவர் வாயைப் பிளப்பார். சி-ஹா மாடல் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், 16 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் இதன் கதையைத் தெரிந்துகொண்டு கட்டுகிறவன், டைகரைக் கட்டுகிறவனைவிட இரண்டு மடங்கு கற்றுக்கொள்வான் என்பது என் கட்சி.

கதையைக் கேள். இதை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. மஞ்சூரியக் குளிரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் காற்றாலேயே குளிரும் டீசல் எஞ்சினை வைத்தார்கள். பெட்ரோலைவிட டீசல் எளிதில் தீப்பிடிக்காது என்பதையும் யோசித்திருந்தார்கள். ஹரா தோமியோ என்ற ராணுவப் பொறியாளர் உருவாக்கிய சக்கர அமைப்பு எளிமையானது, உழைப்பது. அவ்வளவு மூளை இருந்தும் தலைமையகம் என்ன செய்தது தெரியுமா? இதைவிட இலேசான, விலை குறைந்த சி-நி என்ற டாங்கின் பக்கம்தான் சாய்ந்தது. 1937 ஜூலையில் சீனாவுடன் போர் மூண்டு, பணப்பெட்டி திறந்த பிறகே சி-ஹா தேர்வானது. அப்போதும் அதில் பொருத்தியது காலாட்படைக்குத் துணைபோகும் குட்டையான 57 மில்லிமீட்டர் பீரங்கி. இன்னொரு டாங்கின் கவசத்தைத் துளைக்கும் வேகம் அந்தக் குண்டுக்கு இல்லை.

1939-இல் மஞ்சூரிய எல்லையிலுள்ள நோமோன்ஹானில் நடந்த சண்டையில் சோவியத் படை இந்தக் குறையை வெளிச்சம்போட்டுக் காட்டியது. அடி வாங்கிய பிறகு, குண்டை அதிவேகமாகச் செலுத்தும் 47 மில்லிமீட்டர் பீரங்கிக்கு வேலை தொடங்கியது. அதோடு நின்றிருந்தால் பாடம் பாடமாகவே இருந்திருக்கும். நடுவே மலாயா வந்தது. 1942 ஜனவரி 7, விடியுமுன் இருட்டில், ஸ்லிம் ஆற்றுச் சாலையில் ஜப்பானிய டாங்குகள் வரிசையாகப் புகுந்தன. எதிரே நின்ற 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு சில மணி நேரத்தில் சிதறியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. (அந்த மண்ணின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தமிழர்களில் எத்தனையோ பேரைப் பின்னால் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை விழுங்கியது. இந்த டாங்கைக் கட்டும்போது அதையும் சேர்த்தே நினைத்துக்கொள். நாம் கட்டுவது வீரச்சின்னம் அல்ல.)

மலாயாவில் பிரிட்டிஷாரிடம் எத்தனை டாங்குகள் இருந்தன? ஒன்றுகூட இல்லை! டாங்க் இல்லாத எதிரியை டாங்கால் வென்றார்கள். அந்த வெற்றி 25 மில்லிமீட்டரை ஒரு மயிரிழைகூடத் தடிமனாக்கவில்லை. 1944 ஜூன் 17 அதிகாலை, சைபான் தீவில் 9-ஆவது டாங்க் ரெஜிமென்ட் அமெரிக்க மரீன்கள்மேல் பாய்ந்தது. கப்பல்கள் வானத்தில் வெளிச்சக் குண்டுகளை ஏற்றின. பசூக்காக்களும் பீரங்கிகளும் ஷெர்மன் டாங்குகளும் காத்திருந்தன. பாய்ந்த டாங்குகளில் பெரும்பாலானவை அங்கேயே எரிந்தன. அப்படி விழுந்த ஒன்றைப் பிற்பாடு கொண்டுவந்து ஃபுஜினோமியா ஊரிலுள்ள வகாஜிஷி ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள். பதின்ம வயதுப் பையன்களுக்கு டாங்க் ஓட்டக் கற்றுக்கொடுத்த ராணுவப் பள்ளி இருந்த இடம் அது.

இப்போது உன்னைக் கேட்கிறேன். தெருவில் நீதான் கெட்டிக்காரன், வகுப்பில் நீதான் முதலாவது. சரி. எதிரே யார் நின்றார்கள்? உன் மலாயாவை வைத்து உன் சைபானைக் கணக்குப் போடாதே!

டாங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அளந்து பார்த்தார். பின்னாளில் ஜப்பானின் மிகப் பெரிய வரலாற்று நாவலாசிரியரான ஷிபா ரியோதாரோ அப்போது இளம் டாங்க் அதிகாரி. புதிதாக வந்த டாங்கின் கவசத்தில் அரத்தை வைத்துத் தேய்த்ததையும், இரும்பில் கீறல் விழுந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். தளபதிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் கையில் அரத்தை எடுத்தானே, அந்தக் கைதான் எனக்கு வேண்டும். அரம் உன் மாடல் மேசையிலும் கிடக்கிறது. எடு!

சக்கரத்தில் தொடங்கு. பக்கத்துக்கு ஆறு. முன்னும் பின்னும் இருப்பவை தனித்தனி. நடுவில் உள்ள நான்கும் ஜோடி ஜோடி. சட்டத்திலிருந்து நிப்பரால் வெட்டும்போது உறுப்பை ஒட்டி வெட்டாதே, பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். முதலில் தள்ளி வெட்டு, பிறகு ஒட்ட வெட்டு, மிச்சத்தை அரத்தால் எடு. அத்தனை சக்கரத்தையும் ஒன்றுபோல இழைப்பது அலுப்பான வேலை. அலுக்கட்டும். ‘இதைச் செயின் மறைத்துவிடும், யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்கும் பார், உன் வாழ்க்கையில் பாதியைத் தின்றது அந்தக் குரல்தான். அதை ஒரு சக்கரத்தில் தோற்கடி. பிறகு இன்னொன்றில்.

அடுத்தது கூடு. உடலெங்கும் குமிழ்க் குமிழாக ரிவெட்டுகள். அசல் டாங்கில் குண்டு பட்டால் இந்த ரிவெட்டே தெறித்து உள்ளே இருப்பவரைக் காயப்படுத்தும். மாடலில் ஆபத்து வேறு மாதிரி: இணைப்புக் கோட்டை உப்புத்தாளால் தேய்க்கிற அவசரத்தில் நாலு ரிவெட்டை வழித்துவிடுவாய். வழித்துவிட்டால் ஒளிக்காதே. மாடலில் எங்காவது மறையும் இடத்திலிருந்து ஒரு குமிழைக் கத்தி நுனியால் சீவி எடுத்து, வழித்த இடத்தில் துளிப் பசையோடு வை. இடுக்கியிலிருந்து அது பறந்து தரையில் எங்கோ விழும். இன்னொன்றைச் சீவு!

கோபுரத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போல ஓடும் ஆன்டெனாதான் சி-ஹாவின் முகம். மெல்லியது, கோணல்மாணலாக ஒட்டினால் முழு மாடலும் கெட்டுவிடும். கால்களை ஒன்றொன்றாக ஒட்டாமல், எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஓரக்கண்ணால் மட்டம் பார்த்து, அப்புறம் பசையை விடு. பிறகு ப்ரைமர் அடி. இதுவரை உன் கண்ணுக்குத் தப்பிய இடுக்கும் பிசிறும் சாம்பல் நிறத்தில் அப்படியே எழுந்து நிற்கும். முதல் மாடல் கட்டுகிறவர்கள் சோர்ந்துபோய்ப் பெட்டியை மூடுவது இந்த இடத்தில்தான். மூடாதே! ப்ரைமர் உன்னை அவமானப்படுத்தவில்லை. குண்டு வருமுன் ஓட்டையைக் காட்டுகிறது. சைபானுக்குப் போன பையன்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

வண்ணத்தில் காக்கி, மண்பழுப்பு, பச்சை மூன்றையும் ஏர்பிரஷ் பார்த்துக்கொள்ளும். போரின் தொடக்க ஆண்டுகளில் அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு மஞ்சள் பட்டை ஓடும். அதைத் தூரிகையால் போடு. அடர்ந்த நிறத்தின்மேல் மஞ்சள் ஒரே பூச்சில் ஏறாது, அப்பினால் மேடுதட்டும். நீர்க்கப் பூசு, காயவிடு, மறுபடி பூசு.

தோற்றால் என்ன ஆகும் என்று பயமா? இந்த 1/35 என்ற அளவே ஒரு தோல்விக்குப் பிறகு வந்ததுதான். ஷிஸுவோகா நகரில் 1946-இல் மரக்கடையாகத் தொடங்கியது தமியா நிறுவனம். 1951-இல் தீ அதைத் தின்றது. மர மாடல்களுக்கு மாறினார்கள். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் வந்து அந்தச் சந்தையையும் பறித்தது. 1960-இல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாதோ போர்க்கப்பலை இறக்கினார்கள். போட்டி நிறுவனம் அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்க, அதுவும் படுத்தது. அப்புறம்தான் மோட்டாரில் ஓடும் ஜெர்மானிய பாந்தர் டாங்க் வந்தது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்று பார்த்து உடலின் அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1/35! அந்த டாங்க் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. நிறுவனத்தை வளர்த்த தமியா ஷுன்ஸாகு அதோடு திருப்தியடைந்து கண்ணாடி முன் நின்றாரா? அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகம்வரை போய் அசல் டாங்குகளைப் படமெடுத்தார். கார் மாடலுக்காக ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டார்கள். உலகம் கும்பிடும் துல்லியம் அப்படி வந்தது.

மாடல் முடிந்ததா? வீட்டாரிடம் காட்டி ‘சூப்பர்’ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. அது மலாயா. ஷிஸுவோகாவில் ஒவ்வொரு மே மாதமும் மாடல் சங்கங்கள் தங்கள் படைப்புகளை மேசை மேசையாக வைத்துக் காட்டுகின்றன. தெரிந்தவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். உனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். உன்னைவிட நன்றாகக் கட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடி. மாடலை அவர்முன் வை. கையில் டார்ச்சைக் கொடு. “அண்ணே, குறை மட்டும் சொல்லுங்க” என்று கேள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள். எதிர்வாதம் பேசாதே. அந்தத் தாளை அடுத்த கிட் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டு, நிப்பரை எடு!