கற்பித்தலுங் கைப்பொருளும்

பாடசாலைப் பணியினின்று ஓய்வுற்ற ஆசிரியரொருவர் மாத்தளையிலே தம் இல்லத்திற் கணிதமும் பண்டையிலக்கியமும் கற்பிக்கப் புகுவாராயின், அவரைப் போற்றுவாரும் உளர். கல்வியை விற்கின்றார் என இகழ்வாரும் உளர். இவற்றுள் எது நேரிதென ஈண்டு ஆராய்வாம்.

இகழ்வோர் ஆறுமுகநாவலரவர்களை எடுத்துக்காட்டுவர். அவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் உத்தியோகத்திலிருந்த காலத்தே, காலையும் இரவும் தம் வீட்டில் மாணாக்கர்க்கு வேதனமின்றிக் கற்பித்தனர். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டே அவ்வுத்தியோகத்தையுந் துறந்தனர். வணங்கத்தக்க செயலே. ஆயினும் அவர் இல்லறம் புகாதவர். வித்தியாசாலைக்கோ ஊரார் தந்த பிடியரிசியும் நன்கொடையும் உதவின. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களும் பொருள் கருதாது கற்பித்தனர். அவரைத் திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தது. தாங்குவார் ஒருவருமில்லாக் குடும்பியை நோக்கி, இவர்களைப்போல் நடவென்பது நீதியாகாது.

முன்னோரும் பொருள் பெறுதலைப் பழித்திலர். ஆசிரியர்க்கு மிக்க பொருள் கொடுத்தேனுங் கற்றல் நன்றென ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் புறநானூற்றிற் பாடினான். நன்னூலாரும், நூலுரைத்தற்கு உரியார் அறுவருள் பொருள் மிகக் கொடுப்போனை ஒருவனாக எண்ணினார். ஆனால் அறுவருள் அவன் ஒருவனே. வழிபடுவோனும், உரைத்ததை விரைந்து கொள்வோனும் அவனோடு ஒப்ப எண்ணப்பட்டனர். பொருளுடையானுக்கே கதவு திறப்பவர் ஒருவனைக்கொண்டு மற்றையோரைத் தள்ளியவராவர்.

தனிக்கல்வி வேண்டப்படுதற்குத் தக்க காரணமும் உண்டு. பின்னம் விளங்காத பிள்ளைக்கு அட்சரகணிதம் விளங்காது. புணர்ச்சி அறியாத பிள்ளைக்குச் செய்யுளிற் சொற்பிரிக்க வாராது. நாற்பதின்மர் இருக்கும் வகுப்பில் ஒருவன் தவறவிட்ட படியைத் தேடித் திரும்புதல் அரிது. அப்படியைக் கண்டு செப்பனிடுதல் உழைப்பு. உழைப்பிற்கு ஊதியம் உரியது.

ஆயின் எல்லை யாது? இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக்கல்வி வழங்கப்பட்டு வருகின்றது. பணியிலுள்ள ஆசிரியர் வகுப்பிலே சொல்லவேண்டுவதைப் பாதியில் நிறுத்தி, மீதியை மாலையில் தம் வீட்டில் விலைக்கு வழங்குவாராயின், அது பிள்ளைக்கு முன்னமே உரியதாகிய பொருளை அவனுக்கே விற்றலாம். இதனைக் களவென்றல் மிகையன்று. ஓய்வுற்றாரை இக்குற்றஞ் சாராது.

அவர்க்குரிய சோதனை வேறு. மாத்தளைத் தோட்டங்களில், தாயின் நாட்கூலியை எதிர்பார்த்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் அதே பரீட்சைக்கே செல்கின்றான். அவன் வாயிலில் நின்றால் ஆசிரியர் செய்வதென்ன? கல்விக்கு விலை கூறுவோர் அவனைத் திருப்பியனுப்புவர். தம் உழைப்பிற்கு ஊதியம் பெறுவோர், பதின்மர் கொடுப்பது தம் குடும்பத்திற்குப் போதுமாயின், பதினோராமவனுக்கும் பாய் விரிப்பர். அவனைச் சேர்த்தலாற் பாடம் குறைவதில்லை. அவனை நீக்குதலால் ஊதியம் மிகுவதுமில்லை.

ஆதலால், உபாத்தியாயர்களே, பொருள் பெறுக, நாணவேண்டா. பெறாத பிள்ளையைக் கடைசியில் இருத்தாதொழிக. அவன் கணக்கையும் மற்றையோர் கணக்கோடு ஒருங்கே திருத்துக. கொடுத்தார் இவர், கொடாதார் இவர் என்பதைப் பிள்ளைகள் அறியாவண்ணம் நடத்துதலே இத்தொழிலின் அறமாம்.